"மியூசியத்துல என்ன வேலை?" நெல்லை மாணவர்கள் வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் போனால் என்ன கிடைக்கும், எப்படிப் போவது?

காலை எட்டரை மணிக்கு வண்ணார்பேட்டை செல்லப்பாண்டியன் சிலை பக்கம் நின்று பாருங்கள். பாளையங்கோட்டை கல்லூரிகளுக்குப் போகும் கூட்டம் டவுன் பஸ் படிக்கட்டு வரை நிற்கும். வரலாறு படிப்பவர், விலங்கியல் படிப்பவர், வேதியியல் படிப்பவர் எல்லாரும் அதில் உண்டு. "டிகிரி முடிச்சிட்டு என்ன பிளான்?" என்று கேட்டால் டிஎன்பிஎஸ்சி, பேங்க், ஐடி, பி.எட். என்று பதில் வரும்.

யாராவது ஒருவர் 'மியூசியம்' என்று சொல்லிவிட்டால், வீட்டில் அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும். "ஏ மக்கா, மியூசியத்துல என்ன வேல இருக்கு? வாசல்ல உக்காந்து டிக்கெட் கிழிக்கவா?"

கேள்வியில் தப்பில்லை. அருங்காட்சியகத்துக்குள் நடக்கும் வேலையில் பெரும்பகுதி பார்வையாளர் கண்ணில் படுவதே இல்லை. அந்த வேலையை உள்ளே இருந்து பார்க்கக் கிடைக்கும் வழிதான் இன்டர்ன்ஷிப். அதிலும் வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்குத் தனி மவுசு உண்டு. அது நிஜமாகவே உதவுமா? செலவு, விசா எல்லாம் எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தக் கேள்வி திருநெல்வேலிக்கு ஏன் முக்கியம்?

திருநெல்வேலியில் இருந்து சுமார் 24 கி.மீ. தொலைவில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் அங்கே தோண்டினார். கிடைத்த பொருட்களை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899-ல் தொடங்கி சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழாய்வு செய்தார். இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1900-களின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்து வந்த லூயி லாப்பிக்கும் இங்கே தோண்டினார்.

ஆக, ஒரே மண்ணில் எடுத்த பொருட்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து போயின. தோண்டியவரும், பட்டியல் போட்டவரும், விளக்கம் எழுதியவரும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ரீ தயாரித்த பொருள் பட்டியல் 1915-ல் சென்னையில் அச்சானது. ஆதிச்சநல்லூர் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். பொருள் எந்த ஊரில் இருந்தாலும், அதன் பட்டியலை எழுதியவரின் கண் வழியாகத்தான் உலகம் அதைப் பார்க்கிறது.

இப்போது நிலைமை மாறுகிறது. சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வில் தெரிந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அந்த முடிவோடு சேர்த்து பொருநை அருங்காட்சியகமும் அறிவிக்கப்பட்டது. அது ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் எழுந்திருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் மத்திய அரசின் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அகழாய்வுக் குழியில் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே கண்ணாடி வழியாகப் பார்க்கும் வசதியும் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கட்டடங்கள் வந்துவிட்டன. அவற்றுக்குள் இருக்கும் பொருட்களை அடுத்த 30, 40 வருஷம் பார்த்துக்கொள்ளப் போவது யார்? இன்று அந்த டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் சிலராவது அதில் இருக்க வேண்டாமா?

மியூசியத்துக்குள்ள அப்படி என்னதான் வேலை?

முதலில் பதிவு. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். அது எங்கே, எப்போது கிடைத்தது, யார் கொடுத்தார், அளவு என்ன, இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுத வேண்டும். எண் தொலைந்தால் பொருள் கையில் இருந்தும் அதன் வரலாறு தொலைந்துவிடும்.

அடுத்து பாதுகாப்பு. மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த வெண்கலத்தில் குளோரைடு உப்பு ஏறியிருக்கும். காற்றில் ஈரப்பதம் கூடினால், வெளிர் பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். இரும்பு இன்னும் மோசம், செதில் செதிலாக உதிரும். துணியும் காகிதமும் வெளிச்சத்தில் நிறம் போகும் என்பதால் அவற்றுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சமே போதும் என்பது உலக அளவில் நடைமுறை. நம் வீட்டில் பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்போம். அருங்காட்சியகத்தில் அதைச் செய்தால் பல நூறு வருஷத் தடயம் ஒரே நாளில் போய்விடும்.

இது வேதியியல் படித்தவர்களின் ஏரியா. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவர். அந்த அருங்காட்சியகத்தில் விலங்கியல், தாவரவியல், நிலவியல், மானிடவியல், நாணயவியல் பிரிவுகளும் உண்டு. 'மியூசியம் என்றால் வரலாறு படித்தவர்களுக்கு மட்டும்' என்பது சரியில்லை.

மூன்றாவது, பொருள் எப்படிக் கைமாறி வந்தது என்று தேடும் வேலை. இன்று உலகம் முழுக்க இந்த வேலைக்கு முக்கியத்துவம் கூடியிருக்கிறது. காரணம் புரிய நம்ம பக்கத்துக் கதை ஒன்றே போதும்.

கல்லிடைக்குறிச்சி நடராஜர் எப்படித் திரும்பி வந்தார்?

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் இருந்து 1982-ல் சிலைகள் திருடு போயின. அவற்றில் ஒன்று நடராஜர். அந்தச் சிலையை 2001-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியிருந்தது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகக் கோயில் சிலைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஊர் ஊராகப் போய்ப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறது. அந்தப் பழைய படமும் அடிலெய்டில் இருந்த சிலையும் ஒத்துப்போயின. அந்தக் கலைக்கூடம் சிலையைத் திருப்பித் தந்தது. 2019 செப்டம்பரில் நடராஜர் தமிழகம் வந்து சேர்ந்தார்.

37 வருஷத்துக்குப் பிறகு ஊர் சாமி ஊருக்கு வந்ததில் போலீஸுக்கும் ஆர்வலர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அடிப்படையில் உதவியது ஒரு போட்டோவும், அதை எந்தக் கோயில், எந்தச் சிலை என்று ஒழுங்காகக் குறித்து வைத்த பதிவும்தான். யாரோ ஒருவர் சலிப்பில்லாமல் செய்த மியூசியம் வேலை அது. "என்ன வேல இருக்கு?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்யச் சொல்வார்கள்?

மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று, வெனிஸ் நகரில் உள்ள பெகி குகன்ஹைம் கலெக்‌ஷன். கால்வாய்க் கரையில் உள்ள ஒரு மாளிகை அது. 20-ம் நூற்றாண்டு நவீன ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. 1980-ல் இருந்து பல நாட்டு மாணவர்களை இன்டர்ன்களாக எடுக்கிறது. மாத உதவித்தொகை உண்டு. ஆங்கிலத்தோடு இத்தாலிய மொழியும் ஓரளவு தேவைப்படும்.

அங்கே போனவுடன் ஓவியத்தைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். காலையில் கூடங்களைத் திறக்க வேண்டும். அறையில் நின்று ஓவியங்களைக் கண்காணிக்க வேண்டும். டிக்கெட் கவுண்டர், பை வைக்கும் இடம் ஆகியவற்றிலும் முறை வரும். பார்வையாளர்களுக்கு ஓவியம் பற்றிப் பேச வேண்டும். ஆமாம், வீட்டில் கேட்ட அந்த 'டிக்கெட் கிழிக்கிற' வேலையும் உண்டு! ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு அருங்காட்சியகம் காலையில் கதவு திறப்பதில் இருந்து மாலை பூட்டுவது வரை எப்படி ஓடுகிறது என்று முழுசாகத் தெரிந்தவர்தான் பின்னாளில் அதை நடத்த முடியும்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வேறு மாதிரி. 21 அருங்காட்சியகங்களும் ஒரு விலங்கியல் பூங்காவும் அதன் கீழ் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக இன்டர்ன்களை எடுக்கும். பதிவுப் பிரிவு, பாதுகாப்புக் கூடம், கல்விப் பிரிவு, டிஜிட்டல் பிரிவு என்று வேலை பிரியும். சிலவற்றுக்குச் சம்பளம் உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது.

காசு யார் கொடுப்பா?

இந்தத் துறையின் பழைய பிரச்சினையே இதுதான். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் நீண்ட காலம் சாதாரணமாக இருந்தது. மூன்று மாதம் கைக்காசில் நியூயார்க்கிலோ லண்டனிலோ தங்க முடிந்தவருக்குத்தான் அனுபவம் கிடைக்கும். அந்த அனுபவம் உள்ளவருக்குத்தான் பிறகு வேலையும் கிடைக்கும். இதற்கு எதிர்ப்பு வலுத்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2020-ல் 50 லட்சம் டாலர் நன்கொடை பெற்று, தன் இன்டர்ன்ஷிப்கள் எல்லாவற்றுக்கும் சம்பளம் தரப்படும் என்று அறிவித்தது.

எனவே விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியது, 'உதவித்தொகை உண்டா' என்பதை மட்டும் அல்ல. அது அந்த நகரத்தின் வாடகைக்குப் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். விமானக் கட்டணம், விசா கட்டணம், மருத்துவக் காப்பீடு, அறைக்கு முன்பணம் இவையெல்லாம் முதல் மாதச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே கட்ட வேண்டியவை. ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கல்விக் கடனோ நகைக்கடனோ வாங்கி சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் போவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

இன்னொன்று, 'இன்டர்ன்ஷிப் வாங்கித் தர்றோம், இவ்வளவு கட்டுங்க' என்று வரும் ஏஜென்சிகளிடம் கவனம். அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த அருங்காட்சியகத்துக்கே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

எந்த விசா?

தேர்வாகிவிட்டோம், டூரிஸ்ட் விசாவில் போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது.

அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசா. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர், அல்லது முடித்து 12 மாதத்துக்குள் இருப்பவர், இன்டர்ன் பிரிவில் அதிகபட்சம் 12 மாதம் வரை போகலாம். அமெரிக்க அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு டிஎஸ்-2019 என்ற படிவம் தந்த பிறகுதான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அருங்காட்சியகத்தின் கடிதம் மட்டும் போதாது. 'உங்களிடம் ஜே-1 ஸ்பான்சர்ஷிப் உண்டா?' என்பதை முதல் மெயிலிலேயே கேட்பது நல்லது.

பிரிட்டனில் விசிட்டர் விசாவில் போய் அங்குள்ள நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் கூடாது. அதற்குத் தனியாக ஸ்பான்சர் சான்றிதழோடு கூடிய தற்காலிகப் பணி விசா வேண்டும்.

இந்த வேலைகளுக்கே மாதக்கணக்கில் ஆகும். பாஸ்போர்ட்டை இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். போக நினைக்கும் தேதிக்கு எட்டு, பத்து மாதம் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? நம்மிடம் என்ன இருக்கு?

'எனக்குச் சிறு வயதில் இருந்தே கலையில் ஆர்வம்' என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். அதைவிட, செய்து காட்டிய ஒரு சின்ன வேலை எடுபடும். அதை வண்ணார்பேட்டையில் இருந்தே செய்யலாம்.

பக்கத்தில் கொக்கிரகுளத்தில் 1987-ல் தொடங்கிய மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய், காப்பாட்சியரைப் பார்த்து, "ஐயா, லீவுல ஒரு மாசம் வந்து பதிவு வேலைல உதவலாமா?" என்று கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலை கிடைத்தாலும் நல்ல அனுபவம்தான்.

வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். பூஜை அறைக் குத்துவிளக்கை எடுத்து ஒரு நிலை அறிக்கை எழுதிப் பாருங்கள். இப்படி:

பொருள்: பித்தளைக் குத்துவிளக்கு, மூன்று பாகம். உயரம், எடை: அளந்து எழுதவும். நிலை: தண்டில் 2 செ.மீ. கீறல், அடித்தட்டில் பச்சைப் படிவு, ஒரு முகம் வளைந்துள்ளது. வரலாறு: ஆச்சியின் கல்யாணச் சீர், யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னார். படங்கள்: நான்கு பக்கம், அடிப்பாகம், அளவுகோலோடு.

இதுபோல இருபது பொருட்களுக்கு எழுதினால் அதுவே ஒரு போர்ட்ஃபோலியோ. 'பழைய விளக்கு, நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தேர்வு செய்பவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

தமிழையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும், பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்திலும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பழைய தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே சாதாரண ஆள் இல்லை. சென்னையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் கல்வெட்டியல், தொல்லியல் முதுநிலைப் பட்டயப் படிப்பு இரண்டு வருடம்; உதவித்தொகையும் உண்டு.

வெளிநாடு போக முடியாவிட்டால்?

ஒன்றும் முடிந்துபோகவில்லை. ஸ்மித்சோனியனின் 'டிரான்ஸ்கிரிப்ஷன் சென்டர்' 2013-ல் இருந்து இயங்குகிறது. பழைய டைரி, கள ஆய்வுக் குறிப்பு, மாதிரிச் சீட்டு ஆகியவற்றைப் படித்துத் தட்டச்சு செய்யும் தன்னார்வ வேலை அது. உலகில் எங்கிருந்தும் செய்யலாம். விசாவும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம்.

படிக்க விரும்பினால் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் 1952-ல் இருந்தே அருங்காட்சியகவியல் துறை உண்டு. கொல்கத்தா பல்கலைக்கழகத்திலும் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் வெளிநாட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2006-ல் இருந்து நடத்தும் சர்வதேசப் பயிற்சித் திட்டம், ஏற்கெனவே அருங்காட்சியகங்களில் பணியாற்றுகிறவர்களுக்கானது. அமெரிக்காவில் முதுகலை படிக்க ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் பாரம்பரியப் பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் ஒரு பிரிவு. அதற்கு மூன்று வருடப் பணி அனுபவம் தேவை. இன்டர்ன்ஷிப் கிடைக்கவில்லை என்று இருபது வயதில் துறையை விட்டுப் போக வேண்டியதில்லை.

கடைசியில், போனால் வேலை உறுதியா?

இல்லை. தமிழக அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் பணி டிஎன்பிஎஸ்சி வழியாகத்தான். வெனிஸ் சான்றிதழைக் காட்டித் தேர்வைத் தாண்ட முடியாது. பணியிடங்களும் ஆயிரக்கணக்கில் வருவதில்லை. அதனால் டிகிரியையும் போட்டித் தேர்வுத் தயாரிப்பையும் ஒதுக்கிவிட்டு இதன் பின்னால் மட்டும் ஓடுவது சரியல்ல.

ஆனால் இன்டர்ன்ஷிப் போய் வந்தவருக்குக் கிடைப்பது வேறு. ஒரு பொருளை எப்படி இரண்டு கையால் தூக்குவது, எப்படி அளப்பது, எப்படி எழுதி வைப்பது, தெரியாததைத் 'தெரியாது' என்று பதிவேட்டில் எப்படிக் குறிப்பது என்ற பழக்கம் கைவரும். அது பெர்லினில் செல்லும், ரெட்டியார்பட்டியிலும் செல்லும்.

ஆதிச்சநல்லூரில் இருந்து யாகோர் கொண்டு போன பொருட்களைப் பார்க்க அன்று நம்மூரில் இருந்து யாரும் பெர்லினுக்குப் போயிருக்க முடியாது. இன்று பெர்லின் அரசு அருங்காட்சியகங்களின் சேகரிப்புத் தளத்தை வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போனிலேயே திறந்து பார்க்கலாம். அடுத்த முறை வீட்டில் "மியூசியத்துல என்ன வேல இருக்கு?" என்று கேட்டால் கல்லிடைக்குறிச்சி நடராஜர் கதையைச் சொல்லுங்கள். பிறகு ஆச்சியின் குத்துவிளக்கை அளக்க ஒரு டேப் எடுத்து வாருங்கள்.